ருசி பார்ப்பது சாப்பாடா?

உப்பைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லி, நான் வேலை பார்த்த டயாலிசிஸ் மையத்துப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். நாலு வரியாம்! என் பாதி ஆயுள் உப்போடு மல்லுக்கட்டியே போனது. நான் முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன், உப்பு அங்கேயேதான் இருக்கிறது. "அக்கா, கோவமா எழுதிறாதீங்க. கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்க லா," என்று இப்போது அங்கே நர்ஸாக இருக்கும் கவிதா முன்கூட்டியே சொல்லி வைத்தாள். என்னை நன்றாகத் தெரிந்தவள். தெரிந்தும் கேட்டால் நான் என்ன செய்வது?

விஷயம் இதுதான். மையத்தில் இப்போது நோயாளிகளின் ஃபோனில் ஏதோ ஒரு ஆப் போட்டுக் கொடுக்கிறார்களாம். சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்தால் அதில் உப்பு எவ்வளவு என்று அது சொல்லிவிடுமாம். இனிமேல் யாரும் ஏமாற்ற முடியாது என்று கவிதாவுக்கு ஒரே குஷி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. யார் ஏமாற்றினார்கள்? "நான் உப்பே தொடறதில்ல மிஸி" என்று சத்தியம் செய்கிறவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார். ஜொகூரில் நர்ஸை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எது உப்பு, எது சாப்பாடு என்பதில்தான் அவருக்கும் இந்த மிஸிக்கும் ஒத்துப்போவதில்லை.

நான் யோங் பெங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, நர்ஸிங் படித்து, அரசு மருத்துவமனையில் வார்டு வார்டாகச் சுற்றி, கடைசியில் ஜொகூரின் தெப்ராவில் ஒரு தொண்டு அமைப்பு நடத்திய டயாலிசிஸ் மையத்தில் வந்து சேர்ந்தேன். என் படிப்புக் கதை அவ்வளவுதான். தொழிலைக் கற்றது சிஸ்டர் லிம்மிடம்.

சிஸ்டர் லிம் மையத்தின் பொறுப்பாளர். ஒல்லியான சீனப் பெண்மணி. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அதனாலேயே எல்லோருக்கும் பயம். எங்களோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். தமிழில் அவருக்குத் தெரிந்தது இரண்டே சொல்: ஒன்று 'போதும்', இன்னொன்று 'பொய்'. இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்துவார்.

டயாலிசிஸுக்கு வருகிறவரை நாற்காலியில் சாய்ப்பதற்கு முன் எடை பார்ப்போம். சிறுநீர் பிரியாத உடம்பு. போன முறை மெஷினை விட்டு இறங்கியதிலிருந்து ஏறியிருக்கும் எடையெல்லாம் தண்ணீர்தான். அதை நான்கு மணி நேரத்தில் மெஷின் இழுத்து எடுக்க வேண்டும். இந்த எடை பார்க்கும் வேலையை சிஸ்டர் யாரிடமும் விட்டதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்வார். சாவிக்கொத்து, ஃபோன், பர்ஸ், பெல்ட் எல்லாம் வெளியே வர வேண்டும். நோயாளி நிமிர்ந்து நிற்க வேண்டும், சுவரைப் பிடிக்கக் கூடாது. பிறகு உட்கார வைத்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். அவசரப்படாமல் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு விரலை எடுப்பார். அங்கே குழி விழுந்து நின்றால், அது மேலே எழும்பி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். நோயாளியும் பார்த்தாக வேண்டும். "எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்று மற்ற இடங்களில் கேட்பார்கள். சிஸ்டர் அதைக் கேட்கவே மாட்டார். "என்ன சாப்பிட்டீங்க?" என்பதுதான் அவர் கேள்வி.

அது ஏன் என்று புதிதாக வந்த நர்ஸ்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப் போனது. உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும். தாகத்தில் தவிக்கிற ஆளிடம் தண்ணீர் குடிக்காதே என்று சொல்வது கொடுமை, பிரயோஜனமும் இல்லை. நல்ல சிறுநீரகம் கூடுதல் உப்பை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் அது முடியாது. உப்பு உடம்பிலேயே தங்கித் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், இதயம் பெருக்கும், கடைசியில் நுரையீரலில் தண்ணீர் கோத்து மூச்சு முட்டும். மெஷினுக்கு இன்னும் வராத சிறுநீரக நோயாளிக்கும் இதில் சலுகை கிடையாது. மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் அந்த ரத்த அழுத்தம் சீக்கிரமே கெடுத்துவிடும்.

இதெல்லாம் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம். மூன்று மொழியில் சொல்லியிருக்கிறோம். சொன்ன பிறகுதான் ஒருவர், "உப்பை விட்டுட்டேன் மிஸி, இப்ப சோயா சாஸ் மட்டும்தான்," என்று பெருமையாகச் சொன்னார். ஒரு அம்மா கருவாட்டை நன்றாகக் கழுவிவிட்டதால் உப்பு போய்விட்டது என்று என்னிடமே வாதாடினார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் 'சோடியம் குறைந்தது' என்று போட்ட விலை உயர்ந்த உப்பு வாங்கிக் கொடுத்தாள். அதில் சோடியத்துக்குப் பதிலாக இருந்தது பொட்டாசியம். சிறுநீரகம் போனவருக்கு அது விஷம், இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். நல்ல வேளை, ரத்தப் பரிசோதனையில் சிக்கியது. அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அப்பாவுக்கு நல்லது செய்வதாகத்தான் அந்தப் பிள்ளை நினைத்தது.

ஆனால் என் தலைமுடி வெளுத்தது ஹனிபா பாயால்தான்.

ஹனிபா பாய்க்குத் தெப்ராவில் சாலையோரமாக ஒரு நாசி கண்டார் கடை, சோற்றின் மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றிக் கொடுப்பார்கள். ஆட்டுக் குர்மா, மீன் தலைக் கறி, கணவாய் சம்பால், டால்ச்சா என்று வரிசையாகச் சட்டிகள். மதியம் ஆனால் ஃபேக்டரி ஆட்கள் வாசல் வரை நிற்பார்கள். நல்ல மனுஷன், தமாஷ் பேர்வழி. வாரத்துக்கு மூன்று முறை வருவார், மூன்று முறையும் எடை தாறுமாறாக ஏறியிருக்கும். சிஸ்டர் கட்டைவிரலை வைத்தால் காலில் கிணறு மாதிரி குழி விழும்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"வீட்டுச் சாப்பாடுதான் சிஸ்டர். உப்பில்லாத சோறு, உப்பில்லாத கோழி. கடைச் சாப்பாடு ஒரு வாய் தொடல, சத்தியமா."

"பொய்," என்பார் சிஸ்டர். சொல்லிவிட்டு அவருடைய மனைவி மைமூனைத் திரும்பிப் பார்ப்பார்.

ஆண் நோயாளியின் கால் வீங்கினால் அவன் பெண்டாட்டியைத் திட்டுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மைமூனக்கா கணவருக்காகக் கொண்டு வரும் டிபன் கேரியரை சிஸ்டர் ஒரு நாள் திறந்து, ஸ்பூனால் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். உப்பு துளிகூட இல்லை. அதற்கும் கோபம்தான் வந்தது. இங்கே காட்டுவது ஒன்று, வீட்டில் கொடுப்பது ஒன்று என்று முடிவு கட்டிவிட்டார்.

"நானும் இதத்தான் சாப்பிடறேன் சிஸ்டர். அவருக்கு முன்னால உக்காந்து நான் மட்டும் ருசியா சாப்பிட மனசு வரல," என்றார் மைமூனக்கா. நான் அதை மலாயில் எடுத்துச் சொன்னேன். சிஸ்டர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அத்தனை தண்ணீரையும் ஒரே மூச்சில் இழுத்தால் உடம்பு தாங்காது. பாதி நேரம் போனதும் ஹனிபா பாயின் கெண்டைக்காலில் தசை பிடித்துக்கொள்ளும். அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் துடிக்கும். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். மைமூனக்கா காலைப் பிடித்து நீவிக்கொண்டே அழுவார். இதயம் பெருத்துப் போயிருப்பதைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "இப்படியே போனா அடுத்த பெருநாளுக்கு நீங்க இருக்க மாட்டீங்க பாய்." பாய் தலையை ஆட்டினார். அடுத்த முறையும் அதே எடை.

ஒரு நாள் எனக்கு லீவு. யோங் பெங்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சமைக்கச் சோம்பல்பட்டு, கறி கட்டி வாங்கலாம் என்று பாயின் கடைக்குப் போனேன். கூட்டம் வருவதற்கு முந்திய நேரம். சட்டிகளை அப்போதுதான் வெளியே கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். சமையல்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். பாய் முதல் சட்டியின் முன்னால் நின்று, கரண்டியை இடது கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையில் குழம்பை ஊற்றி, சர்ரென்று உறிஞ்சினார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். ஒரு பிடி உப்பை அள்ளிச் சட்டியில் போட்டுக் கிளறினார். மறுபடி உள்ளங்கை, மறுபடி உறிஞ்சல். தலையை ஆட்டிவிட்டு அடுத்த சட்டிக்குப் போனார். அங்கேயும் இதே கதை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"பாய்!" என் குரல் சாலைக்கே கேட்டிருக்கும்.

"அடடே, வாங்க மிஸி! வீட்டுக்காரர் வரலியா?"

"என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"ருசி பாக்குறேன்."

"கடைச் சாப்பாடு ஒரு வாய் தொடறதில்லன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"தொடலயே! அல்லா மேல ஆணையா சொல்றேன் மிஸி. ருசி பாக்கறது சாப்பாடா? தட்டுல போட்டு உக்காந்து சாப்பிட்டாத்தானே சாப்பாடு?"

"சாயங்காலமும் இப்படித்தானா?"

"பின்ன? சாயங்காலம் புதுச் சட்டி இறங்குதுல்ல."

அலாமாக்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த உள்ளங்கைகளையெல்லாம் சேர்த்தால் தினமும் ஒரு சொம்புக் குழம்பு அவர் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் மனதறிந்து ஒரு பொய் சொல்லவில்லை. கவிதா, உன் ஆப் இதை எப்படிப் படம் பிடிக்கும் என்று கேட்டுச் சொல்.

இன்னொன்றும் அப்போது விளங்கியது. நோன்பு மாதத்தில் மட்டும் அவர் எடை ஒழுங்காக நிற்கும். நாங்கள் பட்டினியால் என்று நினைத்திருந்தோம்.

"நோன்பு மாசத்துல எப்படி ருசி பாப்பீங்க?" என்று கேட்டேன்.

"நாக்கு நுனியில வெச்சிட்டுத் துப்பிருவோம்."

"அப்ப வருஷம் பூரா அப்படியே துப்புங்க, முடிஞ்சுது வேலை!"

பாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நோன்புல துப்புனா ஏன்னு எல்லாருக்கும் தெரியும். மத்த நாள்ல என் கடைக் குழம்ப நானே துப்புனா பாக்குறவன் என்ன நெனப்பான்? மொதலாளியே துப்புறாரு, உள்ள என்ன செத்துக் கெடக்கோன்னு ஓடிர மாட்டான்?"

"வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

"தாபோலே மிஸி, முடியவே முடியாது. எங்க வாப்பாவுக்கு அப்புறம் இந்தச் சட்டியில என் நாக்குதான் பட்டிருக்கு. இந்தக் கடையே என் நாக்குதான். அதக் குடுத்துட்டு உசிர மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாள் சிஸ்டரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனார். பிறகு மைமூனக்காவுக்குத் தன் அறையிலிருந்த மெத்தை போட்ட நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த டிபன் கேரியரை அவர் திறந்ததும் இல்லை. மைமூனக்காவோ என்னிடம், "எனக்குமே தோணல மிஸி. ருசி பாக்கறத யாரு கணக்குல சேப்பா?" என்றார்.

கண்டுபிடித்துவிட்டோம், இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கே! "கொறச்சுக்கிறேன் மிஸி" என்பார் பாய். மறுமுறை காலில் அதே குழி. கெஞ்சினேன், திட்டினேன், பயமுறுத்தினேன். எல்லாவற்றுக்கும் சிரிப்பார்.

பிறகு அவர் கடைக்கு ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்தது. இரண்டு நாள் சட்டி சட்டியாகச் சமையல், பாய் பக்கத்திலேயே நின்று ருசி பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில், அவருடைய முறையே இல்லாத நாளில், சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு மைமூனக்காவும் கடை ஆட்களும் ஓடி வந்தார்கள். படுக்க முடியவில்லை, பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இழுக்கும் சத்தத்தில் தண்ணீர் கொரகொரவென்று கேட்டது. ஆக்ஸிஜனை வைத்து, டாக்டரை அழைத்து, மெஷினில் ஏற்றினோம். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

போகவில்லை. தண்ணீர் இறங்க இறங்க நிறம் திரும்பியது. பேச்சு வந்ததும் மாஸ்க்கை நகர்த்தி அவர் சொன்ன முதல் வார்த்தை: "கல்யாணச் சாப்பாடு நல்லா வந்துச்சு மிஸி."

நோயாளியை அறையக் கூடாது என்பது சட்டம். இல்லையென்றால் அன்று அறைந்திருப்பேன்.

அப்போது மைமூனக்கா என்னிடம் கேட்டார், "இன்னும் எவ்வளவு நேரம் மிஸி ஓடும்?"

"ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

"அதுவரைக்கும் இவரு எந்திரிச்சுப் போக முடியாதுல்ல?"

"முடியாது."

"சரி," என்று சொல்லி நாற்காலியைக் கணவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏங்க, உங்க நாக்கு போயிருச்சுங்க."

பாய் புரியாமல் பார்த்தார்.

"கல்யாண வீட்டுல பாதிப் பேரு குழம்ப ஒதுக்கி வெச்சிட்டாங்க. உப்புக் கரிக்குதுன்னு. கடையிலயும் ரொம்ப நாளா இதான் பேச்சு. நீங்க எப்படியும் அள்ளிப் போடுவீங்கன்னுதான் சமையல்காரங்க பாதி உப்பு போட்டு எறக்கறாங்க. நீங்க பத்தலன்னு போடறீங்க, போட்டுட்டு மறுபடி குடிச்சுப் பாக்கறீங்க. உங்ககிட்ட யாரு சொல்றது? மொதலாளி நாக்கப் பத்தி எவன் வாயத் தொறப்பான்? நானும் தொறக்கல. நேத்து ராத்திரி நீங்க மூச்சுக்குத் தவிச்சப்ப, இனி சொல்லாம இருந்தா நான்தான் உங்கள கொன்னவளா ஆயிருவேன்னு தோணுச்சு."

பாய் விருட்டென்று எழப் பார்த்தார். குழாய் இழுபட்டது, மெஷின் அலறியது. நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன். சிஸ்டர் லிம் வந்து அலாரத்தை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"மிஸி," என்றார் பாய், என் முகத்தைப் பார்த்து. "இவ சொல்றது பொய்தானே?"

அவ்வளவு நேரமும் அவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிறுநீரகம் கெட்டால் கழிவு ரத்தத்தில் தங்கும், வாயில் இரும்பு மாதிரி ருசி தட்டும், நாக்குக்கு உப்பு முன்போல் உறைக்காது, பல பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். "உங்க மேல தப்பு இல்ல பாய். நோயோட வேலை அது."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாம் டிவியைப் பார்ப்பதுபோல் இருந்தார்கள். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்ப யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்," என்றார் மைமூனக்கா.

"நீயா? உப்பில்லாமத் தின்னு தின்னு ஒனக்கு என்ன தெரியும்?"

"உப்பில்லாமத் தின்ன நாக்குக்குத்தாங்க ஒரு துளி இருந்தாலும் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் உத்தமராகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வரும்போதெல்லாம் மூக்கால் அழுவார். கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்கள், கடையில் தன்னை யாரும் மதிப்பதில்லை, பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று நான்கு மணி நேரமும் புலம்பல். காது புளித்தது. ஆனால் எடை இறங்கியது. தசை பிடிப்பது நின்றது. சிஸ்டர் கட்டைவிரலை வைத்து எடுத்தால் கால் கால்போலவே இருந்தது. டாக்டர் கெடு வைத்த பெருநாள் வந்தது, போனது. அதற்கடுத்ததும் போனது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரரோடு அந்தக் கடைக்குச் சாப்பிடப் போனேன். சட்டிகளின் முன்னால் மைமூனக்கா ஒரு டீஸ்பூனோடு நின்றார். பாய் கல்லாவிலிருந்து கையை ஆட்டினார். சோறு வந்தது, எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றியிருந்தார்கள். ஒரு வாய் எடுத்து வைத்தேன். மணம் இருந்தது, காரம் இருந்தது, உப்புதான் கம்மி. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இறங்கவில்லை. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, கொஞ்சம் உப்பு கொண்டுவரச் சொன்னேன்.

"மிஸிக்கு உப்பு குடுக்காதே!" என்று கல்லாவிலிருந்து சத்தம் வந்தது.

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் பாய்? நான் என்ன கிட்னி பேஷண்டா?"

பாய் எழுந்து மெதுவாக நடந்து எங்கள் மேசைக்கு வந்தார். என் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நானும் உங்கள மாதிரி நல்லாத்தான் மிஸி இருந்தேன்," என்றார்.

உப்பு வரவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.